கைதியின் கைவேலை: சுரங்க மெழுகுவத்தித் தாங்கியின் அலங்காரத்தை எப்படிப் படிப்பது?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வெள்ளி, செம்புச் சுரங்கங்களுக்குள் இறங்கிய தொழிலாளி ஓர் இரும்புத் தாங்கியைக் கொண்டுசென்றார். மெழுகுவத்தியைப் பிடிக்க ஒரு வளையம், முட்டுமரத்தில் குத்தி நிறுத்த ஒரு கூர்முனை, பாறை விளிம்பில் மாட்ட ஒரு கொக்கி, ஒரு கைப்பிடி. வேலைக்கு இவ்வளவே போதும். நிலக்கரிச் சுரங்கங்களைப்போல எரிவாயு அச்சம் மிகுதியாக இல்லாததால் அங்கே திறந்த சுடரைப் பயன்படுத்த முடிந்தது.

ஆனால் எஞ்சியுள்ள தாங்கிகளுள் சிலவற்றில் முறுக்கிய தண்டும் சுருள் வேலையும் பித்தளைப் பதிப்பும் காணப்படுகின்றன. அவற்றுள் சிறைக் கைதிகள் செய்தவை எனப்படுவனவும் உண்டு. இவற்றை ‘நாட்டுப்புறக் கலை’ என்று அடக்கிவிடுவது போதாது. கைதியின் உழைப்பு வரலாற்றுக்குள் வைத்தே இந்த அலங்காரத்தைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மொன்டானாவின் டீர் லாட்ஜ் சிறை இதற்குப் பின்புலம் தருகிறது. 1871இல் திறக்கப்பட்ட இச்சிறை, பியூட் செம்புச் சுரங்கங்களிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. 1893இல் எழுந்த அதன் மணற்கல் மதிலைக் கைதிகளே கட்டினர். எந்தக் கல், எந்த அளவு, எவ்வளவு விரைவு என எதுவும் அவர்கள் விருப்பத்தில் இல்லை. அதே சிறைக்குக் குதிரைமயிர்க் கடிவாளங்களும் பெயர் தேடித் தந்தன. சாயமிட்ட மயிரைத் திரித்து, முடிச்சு முடிச்சாகப் பின்னி, ஒரு கடிவாளத்தை முடிக்க மாதக்கணக்காகும். சிறை ஒருவரது காலத்தைப் பறிக்கிறது. அதில் ஒரு பகுதியையாவது தன் விருப்பப்படி செலவிட இத்தகைய வேலை வழிவிட்டது. சுரங்கத் தாங்கியையும் இப்படியே பார்க்கலாம்: அதன் முறுக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. அதற்குச் செலவான மணிநேரத்தை முடிவு செய்தவர் அதைச் செய்தவரே.

அலங்காரம் கூடினால் விலை கூடும். எனவே இது சந்தையின் விளைவே என்று மறுக்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. பரிசாக வழங்கச் செய்த தாங்கிகளில் பொறிக்கப்படுவது பெறுபவரின் பெயர். செய்தவரின் பெயர் அன்று. ஆனால் சந்தை அலங்காரத்தைக் கேட்கலாமே தவிர, முறுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மூட்டு எப்படி அமைய வேண்டும் என்று சொல்வதில்லை. பெயர் மறுக்கப்பட்ட கைவினைஞரை அந்த நுட்பங்களில்தான் தேட முடியும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வெளியிலிருந்த கொல்லர்களும் அலங்காரத் தாங்கிகள் செய்தனர். ஆகவே அழகை மட்டும் வைத்து ஒரு பொருளைச் சிறைப்பணி என்று முடிவு கட்டக்கூடாது, அது கைமாறி வந்த வரலாறும் வேண்டும். இரண்டாவதாக, 1900இல் பிரெடரிக் பால்ட்வின் கார்பைடு விளக்குக்குக் காப்புரிமை பெற்றபின் மெழுகுவத்தி மெல்ல மறைந்தது. பயன் தீர்ந்த பிறகு எளிய தாங்கியைவிட அழகிய தாங்கியையே மக்கள் பாதுகாத்திருப்பர். எஞ்சியவற்றைக்கொண்டு மொத்தத்தையும் கணிப்பது பிழை.

எனவே அருங்காட்சியகப் பட்டியல்கள் பெறுநரின் பெயரோடு நின்றுவிடாமல் அரத்தடம், முறுக்கின் திசை, மூட்டின் அமைப்பு ஆகியவற்றையும் பதிய வேண்டும். இரண்டு தாங்கிகளில் ஒரே கை தென்பட்டால், பெயரற்ற ஒரு மனிதரின் உழைப்பு முதன்முறையாக ஒன்றுசேரும்.