பூனை எண் 400

1/ கேஸ் வெல்டிங் பட்டறையில எரியுற அசிட்டிலீன் தெரியும்ல? அதை மெர்குரி சல்ஃபேட் கலந்த அமிலத்துல செலுத்தினா, தண்ணியோட சேர்ந்து அசிட்டால்டிஹைடு ஆகும். பாதரசம் இங்கே வினையூக்கி.

2/ ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை 1932 முதல் இப்படித்தான் தயாரித்தது. வினையூக்கி தான் மாறாதுன்னு ஸ்கூல்ல படிச்சோம். ஆனா அதுல கொஞ்சம் மெத்தில் மெர்குரியா மாறி, கழிவுநீரோட கடலுக்குப் போய், மீன்ல சேர்ந்துச்சு. மீன் தின்ன பூனைங்க வலிப்பு வந்து செத்துச்சு. மனுஷங்களுக்கும் வந்துச்சு.

3/ 1956 மே 1. நடை தடுமாறி, பேச்சு குழறி வந்த குழந்தைகளைப் பற்றி சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தவர் டாக்டர் ஹஜிமே ஹோசோகாவா. அந்த ஆலையோட ஆஸ்பத்திரிக்கே தலைவர்.

4/ 1959-ல ஆலைக் கழிவையே ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனை எண் 400. அக்டோபரில் அதுக்கும் அதே நோய். நிர்வாகம் முடிவை வெளியே விடலை. அவரும் வெளியே சொல்லலை. அசிட்டால்டிஹைடு உற்பத்தி நின்னது 1968-லதான்.

5/ 1970 ஜூலையில், புற்றுநோயோட படுக்கையில் இருந்தபடியே அந்தப் பூனையைப் பற்றிச் சாட்சி சொன்னார். அக்டோபரில் இறந்தார்.

6/ 1956-ல தகவல் கொடுத்த அதே கை, 1959-ல எழுதலை. மாசச் சம்பளம் வாங்குற டாக்டரா எனக்கு அது புரியுது. புரியுறதுதான் பயமா இருக்கு.