அரோவானா தொட்டிக்கு எந்த மோட்டார் போடணும்? பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கை நம்பலாமா?

கொளத்தூர் மீன் சந்தையில் சின்னதாக வாங்கி வந்த அரோவானா, தாம்பரம் வீட்டு ஹாலில் இரண்டடிக்கு மேல் வளர்ந்து நிற்கும். தீனி எல்லாமே புரதம் என்பதால் கழிவில் அம்மோனியாவும் அதிகம். அதை ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாதான் மாற்றணும். தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தால்தானே!

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 680 லிட்டர் பிடிக்கும். (மீன் முழுசா வளர்ந்தால் இதுவும் பத்தாது, அது தனிக்கதை.) மணிக்கு 5 முறையாவது தண்ணீர் சுற்றி வரணும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 3,400 லிட்டர்.

அப்போ 3,500 லிட்டர் மோட்டார் போதுமா? போதாது. பெட்டியில் போட்டிருப்பது, தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. பக்கத்திலேயே 'எச் மேக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டுகூட வராது. எச் மேக்ஸ் 2.5 மீட்டர் என்றால், கீழே சம்ப்பிலிருந்து நாலடி ஏற்றும்போதே ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பைப் வளைவு, ஃபில்டர் அழுக்கு எல்லாம் இன்னும் குறைக்கும். ஆக, 7,000 லிட்டர் மோட்டாராகப் பாருங்க. வேகம் அதிகமானால் பைப்பைச் சுவர் பக்கம் திருப்பிவிடலாம்.

கரண்ட் போனால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றால் முதலில் குறைவது ஆக்சிஜன். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும், தீனியை நிறுத்திடுங்க. பல மணி நேரம் நின்ற கேனிஸ்டர் ஃபில்டரைக் கழுவாமல் ஆன் பண்ணாதீங்க. உள்ளே அழுகிய தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வந்துவிடும்.