தேசிய மாணவர் படை: திறந்த கதவின் வரலாறு

சீருடை அணிந்து அணிவகுத்துச் செல்லும் மாணவரைக் காணும்போது நம் உள்ளம் மகிழ்கிறது. ஆயினும் அவ்வணியில் இடம் பெறும் உரிமை எல்லார்க்கும் எளிதாக வந்துவிடவில்லை. அவ்வரலாற்றை நம் சமுதாய இளைஞர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதல் உலகப் போரின்போது இராணுவத்திற்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதனை ஈடுசெய்ய 1917இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழகப் படை தொடங்கப்பட்டது. 1920இல் இந்தியப் பிரதேசப் படைச் சட்டம் வந்தபின் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆயிற்று. 1942இல் பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்று பெயர் மாறியது. பெயர் மூன்றாயினும் தன்மை ஒன்றே. கல்லூரியில் பயில்வோர்க்கு மட்டுமே அதில் இடம் உண்டு. பள்ளி வாயிலே அடைக்கப்பட்டிருந்த மக்களுக்குக் கல்லூரிப் படையால் என்ன பயன் விளைந்திருக்க முடியும்?

இராணுவத்தின் கதவும் நமக்கு ஒரே சீராகத் திறந்திருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிலும் பம்பாய்ப் படையிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருமளவில் பணியாற்றினர். அப்பணி அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியையும் தந்தது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகவும் இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். பின்னர் ஆங்கில ஆட்சி ‘போர்க்குடிகள்’ என்றொரு கொள்கையை வகுத்தது. சில சாதியினரே வீரர் என்றது, ஏனையோரை விலக்கியது. 1892இல் மகர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. போர் நெருக்கடி வந்தபோது 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது கலைக்கப்பட்டது. 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் நிலையாக உருவாயிற்று. தேவைப்படும்போது அழைப்பதும் தேவை தீர்ந்தபின் அனுப்புவதுமே அக்கால வழக்கம்.

1946இல் பண்டித எச்.என். குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பள்ளி, கல்லூரி இரண்டிலும் மாணவர் படை வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதன்படி 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலையில் படை தொடங்கப்பட்டது. அப்போது நாட்டின் சட்ட அமைச்சராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1949இல் மாணவியர் பிரிவும், 1950இல் விமானப் பிரிவும், 1952இல் கடற்படைப் பிரிவும் தோன்றின. பள்ளிக்கு இளநிலைப் பிரிவு வந்ததே நமக்குப் பெருந்திருப்பம். கல்லூரியை எட்டாத சிறுவனும் அணியில் நிற்க அதுவே வழி செய்தது.

1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், 1963இல், கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்க்காலத்தில் மாணவர் படையினர் உள்நாட்டுப் பாதுகாப்புப் பணிகளில் துணை நின்றனர். ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்பது 1980 முதல் இப்படையின் குறிக்கோளுரை. 2020இல் எல்லை, கடற்கரை மாவட்டங்கள் 173இல் ஒரு இலட்சம் பேரைப் புதிதாகச் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் இதில் உள்ளனர்.

இவ்வணியில் உயரத்தின்படியே வரிசை; சாதியின்படி அன்று. முகாமில் ஒரே கூடாரத்தில் உறங்குகின்றனர். ஒரே பந்தியில் உண்கின்றனர். இரட்டைக் குவளையைக் கண்ட ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு அப்பந்தி ஒரு பாடம். பக்கத்தில் அமர்ந்து உண்ணும் பிள்ளைக்கும் அதுவே பாடம்.

ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை ஒன்றையும் கூறுதல் வேண்டும். பெயர் கொடுக்க அழைக்கும்போது நம் பிள்ளைகள் பின்வாங்குகின்றனர். விடுமுறை நாளில் கூலிவேலைக்குச் செல்ல வேண்டும் என்கின்றனர் சிலர். பெண்பிள்ளையை முகாமுக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். படையே இல்லாத பள்ளிகளும் பல. சட்டம் திறந்த கதவை வறுமையும் தயக்கமும் மூடிவிடுகின்றன.

இதனால் இழப்பது சீருடையை மட்டுமன்று. பள்ளியில் ‘ஏ’ சான்றிதழும் கல்லூரியில் ‘பி’, ‘சி’ சான்றிதழ்களும் தேர்ச்சி பெற்றோர்க்கு வழங்கப்படுகின்றன. ‘சி’ சான்றிதழை உரிய தரத்தில் பெற்ற பட்டதாரி, ஆணாயினும் பெண்ணாயினும், எழுத்துத் தேர்வின்றியே இராணுவ அதிகாரிக்கான நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் சிறப்பு வழி உள்ளது. அச்சான்றிதழின் முதற்படி பள்ளி மைதானத்தில் இருக்கிறது.

எனவே, நம் சங்கத்தார் ஊர்தோறும் பெற்றோரைச் சந்தித்து ஐயம் நீக்குவாராக. படை இல்லாத பள்ளிகளுக்கு அதனைக் கேட்டு விண்ணப்பம் அளிப்பாராக. இளைஞர்காள்! நம் முன்னோர் அழைக்கப்பட்டபோது சென்றனர், அனுப்பப்பட்டபோது திரும்பினர். நீங்களோ உரிமையோடு சென்று அணியில் நில்லுங்கள், அதிகாரியாக உயருங்கள்.