லாரி கேபினுக்கான துணை மின் அலகு

இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் கேபினில் படுத்துறங்கும்போது ஏசி, விளக்கு, செல்போன் சார்ஜர் ஆகியவை ஓடுவதற்காக லாரியின் சேசிஸில் பொருத்தப்படும் சிறு டீசல் இன்ஜினே துணை மின் அலகு. சுருக்கமாக ஏபியு. லாரியின் டாங்கிலிருந்தே டீசல் எடுத்துக்கொள்ளும். பல மாதிரிகள் பேட்டரியையும் சார்ஜ் ஏற்றிவிடும்.

அமெரிக்காவில் இது பழகிய பொருள். அங்கே பெரிய லாரியின் இன்ஜினை ஐடிலில் விட்டால் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் போகும். ஏபியுவுக்கு ஒரு லிட்டரே போதும். 2008 முதல் கலிபோர்னியாவில் படுக்கை வசதியுள்ள லாரிகளும் 5 நிமிடத்துக்கு மேல் ஐடிலில் நிற்கக்கூடாது. ஏபியுவின் எடைக்காக லாரியின் எடை வரம்பில் 400 பவுண்டு வரை சலுகை தர 2005ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 2012இல் அது 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ ஆனது.

இரண்டாவது வழி கையடக்க பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் விலை ஏபியுவின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் டீசல் வண்டியில் பெட்ரோல் கேனையும் சுமக்க வேண்டும். திருட்டுப் போகாமல் காவல் காக்கவும் வேண்டும். பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. மணமற்ற இந்த வாயு கேபினுக்குள் புகுந்தால் தூங்குபவருக்குத் தெரியாது. குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் அங்கீட்டி எனும் கரியடுப்பை மூட்டி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை டில்லிவாசிகள் படித்திருப்பார்கள். அவர்களைக் கொன்றதும் இதே வாயுதான்.

இத்தகைய வசதி நம் நாட்டில் ஏன் தேவை என்பதற்கு டில்லியே எடுத்துக்காட்டு. அந்நகருக்குள் பெரிய லாரிகளுக்குப் பகலில் தடை உண்டு. அங்குள்ள கரோல் பாக் கடைவீதிகளான அஜ்மல் கான் சாலைக்கும் டாங்க் சாலைக்கும் வெளியூரிலிருந்து வரும் சரக்கு பகலெல்லாம் எல்லையில் காத்திருந்து இரவில்தான் நகருக்குள் வரமுடியும். ஜூன் மாத வெயிலில் அந்தக் காத்திருப்பே டிரைவருக்கு உறக்க நேரம். 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் இன்னொரு சிக்கலைச் சேர்த்தது.  காற்று மிக மோசமானால் அத்தியாவசியமற்ற சரக்கு கொண்டுவரும் பழைய டீசல் லாரிகள் எல்லையிலேயே நிற்கவேண்டும். சில மணி நேரக் காத்திருப்பு அப்போது நாள்கணக்கில் நீளும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என மத்திய அரசு 2023 டிசம்பரில் ஆணையிட்டது. நெடுங்காலம் தாமதமான நல்ல காரியம். ஆனால் வழக்கமான லாரி ஏசியின் கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்டில் சுழல்வது. இன்ஜின் நின்றால் குளிரும் நின்றுவிடும். ஓடும் வண்டிக்கு இது போதும், உறங்கும் டிரைவருக்குப் போதாது.

மூன்றாவது வழி பேட்டரி ஏசி. பெரிய லாரிகளில் மின்சாரம் 24 வோல்ட். 180 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் சுமார் 4.3 யூனிட் தேறும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 800 வாட் ஏசி அந்தப் பாதியில் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். அதையும் தாண்டி ஓட்டினால் புறப்படும்போது லாரி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பாரம் ஏற்றிய லாரியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. ஆகவே ஏசிக்கென்று தனி லித்தியம் பேட்டரி வேண்டும்.

நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டக் கொடுக்கும் உரிமையாளர், டில்லி லைனில் ஓட்டுவதானால், ஜெனரேட்டரைத் தவிர்த்து இந்தத் தனி பேட்டரிக்கு அப்போதே இடம் விடச் சொல்வது நல்லது.