டெக்கட்டூர் போய்த் திரும்பிய குப்பி

நீளம் ஒன்றேமுக்கால் அடி. விட்டம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒரு குப்பி, அதற்குள் இன்னொரு குப்பி. உள்ளே இருப்பது ஏறத்தாழ இரண்டரை கிலோ உப்பு. சமையல் உப்பில் சோடியம் இருக்கும் இடத்தில் இதில் சீசியம் இருக்கிறது. தடுப்பு எதுவும் இல்லாமல் இதன் பக்கத்தில் நின்றால், சில நொடிகளிலேயே உயிரைப் பறிக்கும் அளவு கதிர்வீச்சு உடலில் ஏறிவிடும். அதனால்தான் இதைப் பதின்மூன்று அடி ஆழத் தண்ணீருக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். விளக்கை அணைத்தால் குப்பியைச் சுற்றியுள்ள தண்ணீர் நீலமாக ஒளிரும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள ஹான்ஃபோர்டு வளாகத்தில் இப்படி 1,577 சீசியம் குப்பிகள் செய்யப்பட்டன. அவற்றில் சில நாட்டின் மறுகோடிவரை போய்விட்டுத் திரும்பின. போன இடத்தில் ஒரு குப்பி கசிந்தது. அந்தக் குப்பி எங்கிருந்து வந்தது, எங்கே போனது, இப்போது எங்கே நிற்கிறது என்று தொடர்ந்து போனால் ஹான்ஃபோர்டின் எண்பது ஆண்டுக் கதையே அதில் அடங்கியிருப்பது தெரியும்.

1943-ல் அமெரிக்க ராணுவம் அந்த ஆற்றங்கரைக்கு வந்தது. ஹான்ஃபோர்டு, வைட் பிளஃப்ஸ் என்ற இரண்டு சிற்றூர்களின் மக்கள் பழத்தோட்டங்களை விட்டுவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே மீன்பிடித்து வந்த வானபம் பழங்குடியினருக்கும் ஆற்றங்கரை அடைபட்டது. எதற்காக வெளியேற்றுகிறார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. 1944 செப்டம்பரில் பி உலை இயங்கத் தொடங்கியது. நாகசாகியில் விழுந்த குண்டின் புளூட்டோனியம் ஹான்ஃபோர்டில் உருவானதுதான். போருக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. மொத்தம் ஒன்பது உலைகள் கட்டினார்கள். கடைசி உலை 1987-ல் நின்றது.

நம் குப்பியில் உள்ள சீசியம் அந்த உலைகளில் பிறந்தது. அலுமினியம் போர்த்திய சிறு யுரேனியத் துண்டுகளை உலைக் குழாய்களில் முன்பக்கமாகத் தள்ளுவார்கள். எரிந்து முடிந்தவை பின்பக்கம் தண்ணீரில் விழும். யுரேனிய அணுக்கள் நூறு பிளந்தால் அவற்றில் சுமார் ஆறு, வேறு சில தனிமங்களாக நிமிடக்கணக்கில் இருந்துவிட்டு, சீசியம்-137 ஆகின்றன. யாரும் விரும்பி உண்டாக்கியதல்ல இது. தேவைப்பட்டது புளூட்டோனியம் மட்டும்.

அதைப் பிரித்தெடுக்கத் துண்டுகளை ரயிலில் ஏற்றி மேட்டுநிலத்து ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள். கால் கிலோமீட்டர் நீளமுள்ள, ஜன்னலே இல்லாத கான்கிரீட் கட்டடங்கள் அவை. துண்டுகளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தை எடுத்துக்கொண்டபின் மிஞ்சிய திரவம் நிலத்தடித் தொட்டிகளுக்குப் போனது. தொட்டிகளின் உள்பூச்சு சாதாரண எஃகுத் தகடு, அமிலத்தைத் தாங்காது. ஆகவே காஸ்டிக் சோடாவைக் கலந்து அமிலத்தை முறித்தார்கள். கழிவின் அளவு பெருகியது. மலிவான எஃகில் மிச்சம் பிடித்ததற்கு இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மொத்தம் 177 தொட்டிகள், அவற்றில் 149 ஒற்றைச் சுவர் கொண்டவை. ஐந்தரைக் கோடி கேலனுக்கு மேல் கழிவு. 67 தொட்டிகள் கசிந்ததாகவோ கசிந்திருக்கலாம் என்றோ பட்டியலிடப்பட்டுள்ளன. 1973-ல் டி-106 என்ற ஒரே தொட்டியிலிருந்து மட்டும் சுமார் 4.35 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் இறங்கியது.

நம் கதைக்கு இதில் முக்கியமானது வெப்பம். புதுக் கழிவில் சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் சிதையும்போது வெளிவரும் சூட்டில் தொட்டிகள் தாமாகவே கொதித்தன. யாரும் அடியில் நெருப்பு மூட்டவில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருந்தன. 1965 ஜனவரியில் ஏ-105 என்ற தொட்டியில் நீராவி பீறிட்டு, அடித்தகடு எட்டடி உயரத்துக்கு மேல்நோக்கிப் புடைத்துக்கொண்டது. இப்படியே விட்டால் மற்றத் தொட்டிகளும் தாங்காது என்று புரிந்தது.

சூடு தரும் இரண்டு பொருளையும் கழிவிலிருந்து வெளியே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். சரியான முடிவுதான், பொறியாளர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. மேட்டுநிலத்து ஆலைகளில் ஓய்ந்து கிடந்த பி ஆலையை மாற்றியமைத்து, 1960களின் பிற்பகுதியிலிருந்து சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் பிரித்தார்கள். 1974-ல் அதன் ஒரு முனையோடு ஒட்டிக் குப்பி செய்யும் கூடம் திறந்தது. தடித்த சுவருக்குப் பின்னால், இயந்திரக் கைகளைக் கொண்டு, சீசியம் குளோரைடை உருக்கி உள்குப்பியில் வார்த்து, மூடியைப் பற்றவைத்து, கசிவு பார்த்து, அதை வெளிக்குப்பிக்குள் இறக்கி மறுபடி பற்றவைத்தார்கள். இரண்டு குப்பிகளுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளிதான் பின்னால் கதையைத் திருப்பியது.

ஆனால் குளோரைடாக வைத்தது எனக்கு நெருடுகிறது. உப்பு தண்ணீரில் கரையும், பொடியானால் காற்றில் பறக்கும், தோலில் ஒட்டும். உருக்கி ஊற்ற எளிது, சிறிய இடத்தில் நிறைய அடங்கும் என்பது அதன் வசதி. குளத்துக்கு அடியில் அசையாமல் கிடக்கும்வரை அந்த வசதியால் கெடுதல் இல்லை. குப்பிகள் அசையாமல் கிடக்கத்தான் செய்யப்பட்டவை.

1980களில், வளாகத்தை நடத்திய அமெரிக்க எரிசக்தித் துறைக்கு வேறு எண்ணம் வந்தது. அணுகுண்டுக் கழிவிலிருந்து நல்லது ஏதாவது செய்து காட்டலாமே? சீசியத்தின் காமாக் கதிர்கள் கிருமிகளைக் கொல்லும். மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யலாம், உணவுப் பொருள் கெடாமல் வைக்கலாம். குப்பிகளைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஜார்ஜியா, ஒஹையோ, கொலராடோ, வர்ஜீனியா மாநிலங்களுக்குக் கனத்த ஈயப் பெட்டகங்களில் அவை லாரியேறின. அட்லாண்டாவை அடுத்த டெக்கட்டூரில் இருந்த ஆலைக்கு மட்டும் 252 குப்பிகள் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவற்றின் வாழ்க்கை முறையே மாறியது. கிருமிநீக்கம் செய்யவேண்டிய பெட்டிகள் அறைக்குள் வரும்போது குப்பிகள் தண்ணீரைவிட்டு மேலே எழும். வேலை முடிந்ததும், ஆட்கள் உள்ளே வரவேண்டியிருந்தால், மீண்டும் தண்ணீருக்குள் இறங்கும். காற்றில் இருக்கும்போது குப்பி தன் சூட்டிலேயே காயும். தண்ணீருக்குள் போனதும் குளிரும். இப்படி ஆயிரக்கணக்கான முறை. சீசியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு: சுமார் 470 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் படிக அமைப்பு மாறி, உப்பு விரிந்துகொள்ளும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் உள்சுவரை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. இடைவெளி மெல்ல அடைபட்டது. உள்குப்பி வீங்கி வெளிக்குப்பியோடு இறுகியது.

1988 ஜூனில் டெக்கட்டூர் தொட்டி நீரில் கதிரியக்கம் ஏறியிருப்பதைக் கருவி காட்டியது. ஒரு குப்பி கசிகிறது. உப்பு தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கிறது. 252-ல் எது என்று வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் சீசியம் தொட்டியைத் தாண்டியிருந்தது. ஊழியர்கள் சிலருடைய உடையிலும் காரிலும் வீட்டிலும்கூட அதன் தடம் இருந்தது. ஆலை மறுபடி அந்தக் குப்பிகளோடு இயங்கவில்லை. சுத்தம் செய்ய ஆண்டுகளும் கோடிக்கணக்கான டாலரும் ஆயின. செலவு பொதுப்பணத்திலிருந்து போனது.

இது எத்தனை பெரிய ஆபத்தைத் தொட்டுவிட்டு வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு ஒன்பது மாதம் முன்பு பிரேசிலில் நடந்ததைப் பார்க்கவேண்டும். கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கூடத்திலிருந்து எடுத்த கருவியைப் பழைய இரும்பு வியாபாரத்துக்காகப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது இதே சீசியம் குளோரைடு, நூறு கிராமுக்கும் குறைவு. இருட்டில் நீலமாக மின்னியதால் வீடுவீடாகக் கைமாறியது. ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்த உப்பில் இருந்த கதிரியக்கம் சுமார் 1,400 கியூரி. ஹான்ஃபோர்டின் ஒரு குப்பியில், செய்த காலத்தில், ஏறத்தாழ 50,000 கியூரி. அப்படிப்பட்ட 252-ஐ ஒரு தொழிற்பேட்டைக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். தண்ணீருக்குள் கசிந்ததால் தப்பினார்கள்.

டெக்கட்டூர் குப்பிகளை ஹான்ஃபோர்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். மற்ற மாநிலங்களில் இருந்தவையும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. குத்தகைத் திட்டம் அதோடு முடிந்தது. சில குப்பிகளை வெட்டிப் பிரித்தார்கள். மிஞ்சியவை 1,335 சீசியம் குப்பிகளும், அதே கூடத்தில் செய்தவற்றில் 601 ஸ்ட்ரான்ஷியம் குப்பிகளும்.

திரும்பி வந்த குப்பிகளை எப்படிக் கவனித்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். குளத்தின் மேல் நிற்கும் ஊழியர் நீண்ட இடுக்கியால் குப்பியைப் பிடித்துச் சட்டென்று மேலே ஒரு இழுப்பு இழுப்பார். உள்குப்பி வீங்காமல் இருந்தால் இடைவெளிக்குள் நகர்ந்து 'டொக்' என்று இடிக்கும். இடுக்கி வழியாகக் கைக்கு அது தெரியும். இடிக்காவிட்டால் குப்பி சந்தேகத்துக்குரியது. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதைப் போன்ற இந்தச் சோதனைதான், உலகின் மிகச் செறிந்த கதிரியக்கச் சேமிப்புகளில் ஒன்றைப் பல ஆண்டுகளாகக் காவல் காத்தது. கைப்பழக்கம் உள்ள ஊழியர்கள் ஓய்வுபெறும்போது அந்தப் பழக்கத்தை அடுத்தவருக்குக் கற்றுத்தர ஆளும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும். பழைய அணு வளாகங்களின் பாதுகாப்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட எளிய காரியங்களில்தான் நிற்கிறது. செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவதும் அங்கேதான்.

1974-ல் திறந்த கட்டடம் குப்பிகளோடு சேர்ந்து மூப்படைந்தது. 2011-ல் ஃபுகுஷிமாவில் எரிபொருள் குளங்கள் வற்றிவிடுமோ என்று உலகம் பதறியபோது ஹான்ஃபோர்டின் குளத்தைப் பற்றியும் கேள்வி எழுந்தது. நிலநடுக்கத்தில் தண்ணீர் போய்விட்டால் என்ன ஆகும்? 2014-ல் எரிசக்தித் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை தந்தார்: பல பத்தாண்டுக் கதிர்வீச்சில் குளத்தின் கான்கிரீட்டே வலுவிழந்திருக்கிறது. ஹான்ஃபோர்டு வளாகத்தின் மொத்தக் கதிரியக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு நடுத்தர வீட்டின் கூடத்தில் வைத்துவிடக்கூடிய இந்த இரண்டாயிரம் குப்பிகளுக்குள் இருந்தது என்பதை நினைத்தால் அந்த வாக்கியத்தின் கனம் புரியும்.

அதன்பின்தான் உலர்சேமிப்பு வேலை வேகம் பிடித்தது. குப்பிகளைக் குளத்திலிருந்து எடுத்து, எஃகும் கான்கிரீட்டும் கொண்ட பெரிய பெட்டகங்களில் அடைத்து, பக்கத்திலேயே திறந்தவெளிக் கான்கிரீட் மேடையில் நிறுத்துவது திட்டம். தண்ணீர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், காற்றே குளிர்விக்கும். குளத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் உள்ளே இருப்பது அதே உப்பு.

உப்பாகத்தான் வைக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம், கழிவிலிருந்து பிரித்த சீசியத்தைக் கண்ணாடியோடு உருக்கிப் பென்சில்களாக வார்க்கிறது. ரத்த வங்கிகளில் ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவிகளுக்கு அவை போகின்றன. கண்ணாடி உடைந்தாலும் கரைந்து ஓடாது, பொடியாகப் பறக்காது. ஹான்ஃபோர்டிலும் கண்ணாடியாக்கும் ஆலை உண்டு. 2002-ல் கட்டத் தொடங்கி, 2025 அக்டோபரில்தான் தொட்டிக் கழிவை உருக்க ஆரம்பித்தது. அதுவும் கதிரியக்கம் குறைந்த பகுதியை மட்டும்.

அந்தக் குறைந்த பகுதியை எப்படிப் பிரிக்கிறார்கள்? 2022 ஜனவரி முதல், தொட்டிக்குப் பக்கத்தில் வைத்த ஒரு கருவியில் திரவத்தை வடித்துச் சீசியத்தை எடுக்கிறார்கள். 1968-ல் பி ஆலை செய்த அதே வேலை. இம்முறை உப்பாக்கவில்லை; கரையாத தாதுத் துகள்களில் பிடித்துவைக்கிறார்கள். டெக்கட்டூர் கற்றுக்கொடுத்த பாடம் அந்த அளவுக்குப் பலித்திருக்கிறது. சீசியம் நிரம்பிய தூண்களை அருகிலேயே ஒரு கான்கிரீட் மேடையில் நிறுத்துகிறார்கள்.

ஆக, மேடைகள் இரண்டு: ஒன்று பழைய சீசியத்துக்கு, ஒன்று புதியதுக்கு. இரண்டும் தற்காலிகம் என்றே ஆவணங்கள் சொல்கின்றன. நிரந்தர இடமாக 1987-ல் சட்டம் குறித்த நெவாடாவின் யக்கா மலைத் திட்டம் 2010-ஐ ஒட்டிக் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக வேறு இடம் எதுவும் தீர்மானமாகவில்லை. சீசியம்-137-ன் அரை ஆயுள் 30 ஆண்டு. முந்நூறு ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும் என்று கணக்குச் சொல்லி, காவல் காத்தால் போதும் என்போரும் உண்டு. அவர்கள் குறிப்பிடாத சீசியம்-135-ம் அதே குப்பிக்குள் இருக்கிறது. அதன் வீரியம் குறைவுதான். அரை ஆயுளோ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல்.

1989-ல் எரிசக்தித் துறையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வாஷிங்டன் மாநிலமும் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் ஹான்ஃபோர்டின் சுத்திகரிப்புக்குக் கெடு வைக்கிறது. அந்தக் கெடுக்கள் பல முறை தள்ளிப்போயிருக்கின்றன. குப்பிகளைக் குளத்திலிருந்து எடுப்பதற்கு அதில் தேதி இருக்கிறது. எடுத்தபின் அவற்றைத் திறந்து கண்ணாடியாக்குவதா, அப்படியே புதைப்பதா என்பதையும் அதே கண்டிப்போடு, செய்முறை தெரிந்தவர்கள் பணியில் இருக்கும்போதே முடிவு செய்யவேண்டும் என்று வாஷிங்டன் மாநில மக்கள் கேட்டால் அது நியாயமான கோரிக்கை. பெட்டகங்கள் மேடைக்கு வந்துவிட்டால் அவசரம் தீர்ந்ததாக எண்ணி நிதியை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சக் காரணம் இருக்கிறது: 1974-ல் திறந்த குளத்துக்கும் பல பத்தாண்டுகள் முடிவு வரவில்லை.