அறிக்கை மென்பொருள் வழி ஏற்றுமதிக் கோப்பு வடிவமைத்தல்

தரவுத்தளத்திலிருந்து எடுத்த விவரங்களை வேறொரு கணினி நேரடியாகப் படித்துக்கொள்ளும்படி, வரையறுத்த அமைப்பில் கோப்பாக்கித் தரும் வேலை. சம்பளப் பட்டுவாடா, வரித் தாக்கல், பங்குதாரர் நிறுவனங்களுடன் சரக்குக் கணக்குப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு இத்தகைய கோப்புகள் தேவைப்படுகின்றன. இதற்கெனத் தனி நிரல் எழுதலாம். ஆனால் வினவல், வடிகட்டல், கால அட்டவணை எல்லாம் அறிக்கை மென்பொருளில் ஏற்கெனவே இருப்பதால், பல அலுவலகங்கள் அதையே பயன்படுத்துகின்றன. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், 2001இல் வெளிவந்த ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், 2004இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எஸ்எஸ்ஆர்எஸ், ஆரக்கிளின் பிஐ பப்ளிஷர் ஆகியவை பரவலாகப் புழங்குபவை.

இம்மென்பொருள்கள் தாளுக்காகப் பிறந்தவை. சிக்கலின் வேர் அங்கேதான். தலைப்பு, பக்க எண், குழுக் கூட்டுத்தொகை என்று கண்ணுக்கு உதவும் எதுவும் கோப்பைப் படிக்கும் கணினிக்கு இடைஞ்சலே. எஸ்எஸ்ஆர்எஸ்-இல் அறிக்கையை, புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்தால், அச்சில் தெரியும் தலைப்பு முதல் வரியில் வராது. உரைப்பெட்டியின் உட்பெயரே வரும். பெயர் வைக்காமல் விட்ட பெட்டி 'டெக்ஸ்ட்பாக்ஸ்12' என்றே போய்ச் சேரும். எக்ஸலுக்கு ஏற்ற இயல்புநிலையை மாற்றி, பிற மென்பொருள்களுக்கான கறாரான நிலையில் எடுத்தால், குழுக் கூட்டுத்தொகை ஒவ்வொரு விவர வரியிலும் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அந்தப் பத்தியை யாராவது கூட்டினால் தொகை பல மடங்காகிவிடும். பெட்டியின் பண்புகளில் வெளியீடு வேண்டாம் என்று குறிப்பதே இதற்கு வழி. அச்சு அறிக்கையையே இப்படி வெட்டி ஒட்டுவதைவிட, ஏற்றுமதிக்கென்று அலங்காரமில்லாத தனி அறிக்கை வைத்துக்கொள்வது நல்லது.

சிஎஸ்வி எளிமையானதாகத் தோன்றும், ஆனால் நீண்ட காலம் எழுதப்பட்ட விதி இல்லாமலேயே ஓடியது. 2005 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் அப்போதிருந்த வழக்கங்களைத் தொகுத்தது: மதிப்புக்குள் காற்புள்ளி, வரிமுறிவு, மேற்கோள்குறி வந்தால் முழுப் புலத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்; உள்ளே வரும் மேற்கோளை இரட்டிக்க வேண்டும். முன்பூச்சியம் இன்னொரு தொல்லை. 02139 என்ற அமெரிக்க அஞ்சல் குறியீடு எக்ஸலில் திறந்தவுடன் 2139 ஆகும். இதில் கோப்பின் பிழை ஏதுமில்லை, ஆனாலும் பழி அதன்மேல்தான் விழும்.

ஒவ்வொரு புலத்துக்கும் இடம் வரையறுத்த நிலையான அகலக் கோப்புகள் இன்னும் கறாரானவை. அமெரிக்க வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ஏசிஹெச் கோப்பில் ஒவ்வொரு வரியும் சரியாக 94 எழுத்துகள். பணம் பெறுபவருக்கான வரி 6 என்று தொடங்கும். அதில் 30 முதல் 39 வரையிலான இடம் தொகைக்கு உரியது. தசமப் புள்ளி கிடையாது, 1,250.75 டாலர் என்பது 0000125075 என நிற்கும். பெயருக்கு 22 இடங்களே. சிஎஸ்வியில் தொல்லையாக இருந்த கூட்டுத்தொகை இங்கே கட்டாயம்: 8, 9 என்று தொடங்கும் முடிவு வரிகளில் மொத்தத் தொகையும், வங்கி எண்களின் முதல் எட்டு இலக்கங்களைக் கூட்டி வரும் சரிபார்ப்பு எண்ணும் இருக்க வேண்டும்.

பிஐ பப்ளிஷரின் இ-டெக்ஸ்ட் வார்ப்புரு இத்தகைய வேலைக்கென்றே உருவானது. வேர்டில் ஓர் அட்டவணை. ஒரு வரிசைக்கு ஒரு புலம். தொடங்கும் இடம், நீளம், வகை, நிரப்பும் எழுத்து, தரவு என்று பத்திகள். வங்கியின் விவரக்குறிப்பை அப்படியே பார்த்து நிரப்பிவிடலாம் என்பதால், நிரலர் அல்லாத கணக்கரும் இதைச் சரிபார்க்க முடியும்.

இடம் எண்ணும்போது எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். ஏசிஹெச் கோப்பு ஆஸ்கி எழுத்துகளோடு நின்றுவிடுவதால் அங்கே இக்கேள்வி எழுவதில்லை. தமிழ்ப் பெயர்களைத் தாங்கும் நிலையான அகலக் கோப்பில், நீளம் பைட்டிலா குறியீட்டிலா என்பதை விவரக்குறிப்பிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். சிஎஸ்வியானால், கோப்பின் தொடக்கத்தில் எழுத்துக் குறியாக்கத்தை உணர்த்தும் பைட் வரிசைக் குறி இல்லாவிட்டால் எக்ஸலில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரியலாம். அக்குறியை இட்டாலோ, அதை எதிர்பாராத சில நிரல்கள் முதல் பத்தியின் பெயரையே அடையாளம் காணாமல் போகும்.