விடாது கருப்பு (தொலைக்காட்சித் தொடர்)

விடாது கருப்பு என்பது 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தமிழ் மர்மத் தொடர் ஆகும். மர்மதேசம் என்னும் பொதுத் தலைப்பில் வெளிவந்த தொடர்களுள் இது இரண்டாவதாகும், முதலாவது இரகசியம். எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் "விட்டு விடு கருப்பா" என்னும் புதினத்தைத் தழுவிய இத்தொடரை நாகா இயக்கினார். திரைப்பட இயக்குனர் கே. பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. ஊரில் நிகழும் மரணங்கள் தெய்வத்தின் தண்டனையா, மனநோயின் விளைவா என்னும் வினாவை ஒரு சிறுவனின் வாழ்க்கை வழியாக எழுப்பியதே இத்தொடரின் தனித்தன்மையாகும்.

கருப்பசாமி

கதையின் அடித்தளம் கருப்பசாமி வழிபாடு ஆகும். கையில் அரிவாளுடன் வெள்ளைக் குதிரையில் இரவில் ஊரை வலம் வரும் காவல் தெய்வமாகக் கருப்பசாமி கருதப்படுகிறார். மதுரையை அடுத்த அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவச்சிலை இல்லை. மூடிய பெருங்கதவுகளே சந்தனம் பூசி வழிபடப்படுகின்றன. வழக்குடையோர் அக்கதவுகளின் முன் சத்தியம் செய்வது நெடுநாளைய வழக்கமாகும். பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பு விடாது என்பது நம்பிக்கை. ஆர்.கே.பேட்டை, திருத்தணி போன்ற வட எல்லை ஊர்களில் முனீசுவரன், கங்கையம்மன் முதலிய தெய்வங்களுக்கே வழிபாடு மிகுதி என்றாலும், இரவில் ஊர்காக்கும் தெய்வம் என்னும் கருத்து அங்கும் அறியப்பட்டதே. எனவே தென்மாவட்டக் கதையாயினும் மாநிலம் முழுவதும் இத்தொடர் எளிதில் புரிந்துகொள்ளப்பட்டது.

கதைச் சுருக்கம்

(கதையின் முடிவும் இப்பகுதியில் கூறப்பட்டுள்ளது.)

தோட்டக்காரமங்கலம் என்னும் கற்பனைச் சிற்றூரில் தவறு செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். கருப்பசாமியே தண்டிக்கிறார் என்று ஊரார் நம்புகின்றனர். தெய்வ நம்பிக்கையற்ற இளம் மருத்துவர் ரீனா இதனை ஏற்க மறுத்து உண்மையைத் தேடுகிறார். இதற்கு இடையிடையே, கருப்பைப் பற்றிய அச்சத்தோடு வளரும் இராசேந்திரன் என்ற சிறுவனின் கதையும் சொல்லப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு காலத்தவை. வளர்ந்த இராசேந்திரனுக்குப் பிளவுபட்ட ஆளுமை இருப்பதும், தன்னையே கருப்பாக உணரும் வேளைகளில் அவனே கொலை செய்வதும் இறுதியில் தெரியவருகின்றன. ஆயினும் தெய்வம் பற்றிய ஐயத்திற்குத் தொடர் சற்றே இடம் விட்டு வைக்கிறது. நம்புவோரும் நம்பாதோரும் ஒருசேரப் பார்த்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

கதையில் வரும் மனநோய் முன்னர்ப் பன்முக ஆளுமைக் கோளாறு எனப்பட்டது. 1994 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதற்கு விலகல் அடையாளக் கோளாறு என்று பெயரிட்டது. குழந்தைப் பருவத்தில் ஏற்படும் கடுமையான துன்பங்களோடு இந்நோய்க்குத் தொடர்பு கூறப்படுகிறது. இராசேந்திரனின் இளமைக்காலத்திற்குத் தொடரில் பெரும்பங்கு தரப்பட்டது இவ்வகையில் பொருத்தமானதே. எனினும் இந்நோயாளிகள் பெரும்பாலும் பிறரைக் கொல்பவர்கள் அல்லர்; அது புனைகதைகள் பரப்பிய தோற்றமாகும். இதே கோளாறை மையமாகக் கொண்டு மலையாளத்தில் மணிச்சித்ரதாழ் (1993) முன்னரே வந்திருந்தது. தவறு செய்தவர்களைத் தண்டிக்கும் பிளவாளுமையைத் தமிழ்த் திரையில் அந்நியன் (2005) பின்னர்க் கையாண்டது.

நடிகர்கள்

சிறுவன் இராசேந்திரனாக லோகேஷ் நடித்தார். அச்சம் தெரிந்த பெரிய கண்களோடு அச்சிறுவன் தோன்றிய காட்சிகளே பலருக்கும் இன்றளவும் நினைவில் உள்ளன. லோகேஷ் 2022 அக்டோபரில் இளம்வயதிலேயே காலமானார். வளர்ந்த இராசேந்திரனாகச் சேத்தன் நடித்தார். இத்தொடரில் உடன் நடித்த தேவதர்சினியை அவர் பின்னர் மணந்தார்.

பிற்காலம்

மர்மதேசம் வரிசையில் சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் ஆகியன அடுத்து வெளிவந்தன. நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் சிதம்பர ரகசியம் தொடரில் மீண்டும் இணைந்தனர். அது நாடி சோதிடத்தை மையமாகக் கொண்டது. பிறர் காணாததைக் காணும் குழந்தை என்னும் கருவை நாகா தம் ஆனந்தபுரத்து வீடு (2010) திரைப்படத்தில் மீண்டும் எடுத்துக்கொண்டார். அதில் வாய்பேசாத சிறுவன் ஒருவனுக்கு இறந்துபோன தாத்தாவும் பாட்டியும் துணை நிற்கின்றனர். அங்கே ஆவி அச்சுறுத்துவதில்லை, காக்கிறது. பாலச்சந்தர் 2014 இலும், இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையிலும் காலமாயினர். "விடாது கருப்பு" என்னும் தொடர் நாளிதழ்த் தலைப்புகளிலும் பேச்சிலும், ஒருவரைத் தொடர்ந்து துரத்தும் எதனையும் குறிக்க வழங்குகிறது.